ஒரு பேனாக்கத்தியும் ஒரு பிச்சாத்தியும்

சென்ற மாதம் காரியவட்டம் வளாகத்தில் ஆய்வு மாணவர்கள் சிலர் கூடி, வீட்டுப் பொருள்களும் நினைவும் குறித்து ஒரு சிறு கலந்துரையாடல் நடத்தினோம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒரு பழம்பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் தந்தையின் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தார். மற்றொருவர் கெல்ட்ரான் தொலைக்காட்சிப் பெட்டியின் பெயர்த்தகட்டை மட்டும் கொண்டுவந்தார். பெட்டி எப்போதோ போய்விட்டது, தகடு மட்டும் மேசை இழுப்பறையில் எஞ்சியிருக்கிறது. நான் கொண்டுசென்றது என் பாட்டாவின் பேனாக்கத்தி. ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. பத்து நிமிடம் என்பதை மறந்து இருபது நிமிடம் பேசினேன். அந்த நிறுவனம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது, இன்று சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும் மடக்குக் கத்திகள் எவ்வளவு இழிந்தவை என்றெல்லாம் உருகினேன்.

பேசி முடித்ததும் முதுகலை மாணவி ஒருவர் கேட்டார்: "இந்தக் கத்தியைச் செய்த நிறுவனத்தின் முந்நூறு ஆண்டு வரலாற்றைச் சொன்னீர்கள். உங்கள் வீட்டில் வேறு கத்தியே இருந்ததில்லையா?"

அவையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சொல்லாத விடையை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் கத்தியைப் பற்றி. விரல் நீளமுள்ள ஒரே அலகு. மானின் கொம்பாலான கைப்பிடி. அலகைத் திறக்கையிலும் மடக்கையிலும் உள்ளிருக்கும் வில் ஓர் ஓசை எழுப்பும். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஓசையில் தளர்ச்சி இல்லை. அலகின் அடியில் ஒரு விண்மீனும் ஒரு மால்டாச் சிலுவையும், கிரீடத்தின் இருபுறமும் ஜி.ஆர். என்ற எழுத்துகளும், மாட்சிமை தங்கிய மன்னருக்குக் கத்தி செய்வோர் என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரும் பொறிக்கப்பட்டுள்ளன. கடந்த நூற்றாண்டில் ஜார்ஜ் என்ற பெயரில் ஆண்டவர்கள் இருவர்: ஐந்தாமவர், ஆறாமவர். ஆகவே கத்தி 1910க்கும் 1952க்கும் இடையில் செய்யப்பட்டிருக்க வேண்டும். கல்குளம் வட்டத்தில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்த பாட்டா, முதற்சம்பளத்தில் திருவனந்தபுரத்துக்கு வந்து சாலைக் கடைத்தெருவில் அதை வாங்கினார் என்பது குடும்ப வழக்கு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. எங்கள் ஊரார் நல்ல பொருள் வாங்க வேண்டுமானால் இந்த நகரத்துக்குத்தான் வருவார்கள். பாட்டா அதை "ராஜர்ஸ்" என்பார். பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு மிடுக்கு ஏறும்.

பேனாக்கத்தி என்ற சொல்லே ஆராயத்தக்கது. பேனா என்பது இறகைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. இறகின் முனையைச் சீவி எழுதுகோலாக்கப் பயன்பட்ட சிறு கத்தி, இறகு போய் எஃகு முள் வந்த பின்னும் பெயரை விடவில்லை. தமிழும் மலையாளமும் இச்சொல்லை ஒன்றுபோலவே காத்துவருகின்றன. அடுக்களைக் கத்திக்கோ எங்கள் வீட்டில் வேறு பெயர்: பிச்சாத்தி. இச்சொல்லும் இருமொழிக்கும் பொது. பேனாக்கத்தி பாட்டாவின் சட்டைப்பையில் இருந்தது; பிச்சாத்தி ஆச்சியின் அடுக்களையில் இருந்தது. அந்த மாணவியின் வினாவுக்கு விடை இந்த இரண்டாவது சொல்லில் இருக்கிறது. அதற்கு வருமுன், நான் உருகிய கதையைச் சற்று நிதானமாகத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ராட்ஜர்ஸ் குடும்பத்தின் முத்திரை 1682இல் ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளர் சங்கத்தில் பதிவானது. 19ஆம் நூற்றாண்டில் அது அந்நகரத்தின் மிகப் பெரிய கத்தி நிறுவனம். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்காக எழுபத்தைந்து அலகுகள் கொண்ட ஒரு காட்சிக் கத்தியைச் செய்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் கிளைகள் வைத்திருந்தது. கைப்பிடிகளுக்கெனத் தனிக் கிடங்கில் யானைத் தந்தங்களை அடுக்கி வைத்திருந்தது. விருந்தினருக்கு அதைப் பெருமையுடன் காட்டுவார்களாம். 1971இல் மற்றொரு பழம்பெரும் ஷெஃபீல்டு நிறுவனமான வொஸ்டன்ஹோமை இணைத்துக்கொண்டது. 1980களில் கதை முடிந்தது. பெயரையும் முத்திரையையும் அந்நகரத்தின் வேறொரு குழுமம் வாங்கியது. இன்றும் அப்பெயரில் கத்திகள் விற்பனையாகின்றன.

இத்தகைய வீழ்ச்சிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் எளிது: மலிவுப் பொருள் வந்தது, தரம் அழிந்தது. அன்று நானும் அதையே சொன்னேன். வரலாறு அவ்வளவு பணிவாக நம் ஏக்கத்துக்கு இசைந்து வருவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் "மலிவுப் போலி" என்று ஷெஃபீல்டுக்காரர்கள் ஏசியது செர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளை. ஷெஃபீல்டு என்று பொய்யாகப் பொறித்து அவை விற்கப்படுகின்றன என்ற கூக்குரலும் 1887ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் பிறக்க ஒரு காரணம். பிறந்த நாட்டின் பெயரைப் பொருளின் மேல் பொறிக்க அச்சட்டம் கட்டாயப்படுத்தியது. இழிவாகக் கருதப்பட்ட "செர்மனியில் செய்தது" என்ற தொடர் சில பத்தாண்டுகளில் தரத்தின் அடையாளமாகிவிட்டது. 1938இல் சோலிங்கன் என்ற பெயரையே போலிகளிடமிருந்து காக்கச் செர்மனி ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. நேற்றைய போலி இன்றைய மரபாகிறது. இன்று நான் ஏளனம் செய்யும் சீனத்து மடக்குக் கத்திக்காக என் பேரன் உருகிப் பேசமாட்டான் என்பதற்கு என்ன உறுதி?

துருப்பிடிக்காத எஃகின் கதையும் இப்படித்தான். அது அதே ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரியர்லி என்பவரின் ஆய்வில் உருவானது. தொடக்கத்தில் அதைத் தீட்டிக் கூர்மையாக்குவது கடினமாக இருந்ததால், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைத் தொழிலாளர்கள் கேலி செய்தார்கள். என் பாட்டாவின் கத்தி பழைய கரிம எஃகு. மாங்காய் நறுக்கினால் கறுக்கும். திருவனந்தபுரத்து இடவப்பாதி மழையில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் செந்துகள் பூக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். கத்தி நெடுநாள் இருந்ததற்கு ராட்ஜர்ஸ் எவ்வளவு காரணமோ, அந்த எண்ணெய்க் கிண்ணமும் அவ்வளவு காரணம். எண்ணெய்க் கிண்ணத்துக்கு வணிகப் பெயர் இல்லை. ஆகவே நாம் அதற்காக ஏங்குவதில்லை.

இங்கேதான் என் முதற்பிழை இருந்தது. நிறுவனத்தின் பெயரைக் கத்தியின் ஆசிரியராக எடுத்துக்கொண்டேன். ஷெஃபீல்டில் கத்தி என்பது ஒரு கூரையின் கீழ் ஒரு கையால் உருவானதன்று. உலையில் அடிப்பவர் வேறு, சாணை பிடிப்பவர் வேறு, கைப்பிடி பொருத்துபவர் வேறு. பெருநிறுவனங்களுக்காகவும் தமக்காகவும் சிறு அறைகளில் வேலைசெய்த தனித்தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவ்வூர்ப் பேச்சில் அவர்களைச் சின்ன முதலாளிகள் என்பார்கள். அவர்களுள் மிகக் கொடிய வாழ்வு சாணைக்காரர்களுடையது. எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்த நூலில், நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவரைச் சான்று காட்டி, உலர்கல்லில் சாணை பிடிப்போர் முப்பத்தைந்து வயதையும் ஈரக்கல்லில் பிடிப்போர் நாற்பத்தைந்து வயதையும் தாண்டுவது அரிது என்கிறார். கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலில் படிந்து மாண்டவர்கள் அவர்கள். அலகின் மேல் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. இருப்பது ஒரு விண்மீன், ஒரு சிலுவை, ஒரு மன்னரின் முதலெழுத்து.

எஃகின் கதையையும் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கலாம். ஏனெனில் அது நம் நிலத்தைத் தொட்டுச் செல்கிறது. தென்னிந்திய உருக்கு, ஊட்ஸ் என்ற பெயரில், 1790களில் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் வழியாக இலண்டன் அரச கழகத்தைச் சென்றடைந்தது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற இலண்டன் கத்திக்காரர் அந்த உருக்கைப் பேனாக்கத்தியாக அடித்துப் பார்த்தார். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட அது தமக்கு உகந்தது என்று தம் கடை விளம்பர அட்டையில் அச்சிட்டார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். அந்த உருக்குக் கட்டியை மண்மூசையில் வைத்து ஊதிய கொல்லர் யார், எந்த ஊர்? எந்த ஆவணத்திலும் இல்லை. இன்று மேல்சிறுவலூரிலும் கொடுமணலிலும் உடைந்த மூசைகளை அகழ்ந்தெடுத்து ஆராய்கிறோம். மூசை பேசுகிறது, மூசையின் உரிமையாளர் பேசவில்லை.

இன்னொருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸ் அரசுப் பணியை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர். சேலத்துத் தாதுவை உருக்கி ஷெஃபீல்டுக்கு அனுப்பக் கனவு கண்டவர். ஆலை தள்ளாடியது. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகின் விலை வெகுவாகக் குறைந்தது. ஆலைக்காரர்களோ காப்புரிமையின் சொற்களில் ஒரு சந்து கண்டுபிடித்து, அவருக்கு உரிய பங்கைக் கொடுக்காமலே முறையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்காடிக்கொண்டே 1851இல் இறந்தார். எழுபத்தைந்து அலகுக் கத்தி கண்ணாடிப் பேழையில் மின்னிய அதே ஆண்டு.

இதைப் படித்தவுடன், ஷெஃபீல்டே நம்மிடமிருந்து களவாடியது என்று பின்னூட்டம் எழுத விரல் துடிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். மூசையில் எஃகு உருக்கும் முறையை பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் ஷெஃபீல்டு வட்டாரத்தில் தாமாகவே வகுத்துவிட்டார். ஊட்ஸ் இலண்டனுக்குப் போனது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. நம் பெருமைக்கு இவ்வளவு மலிவான ஊன்றுகோல் தேவையில்லை. நான் சொல்ல வருவது வேறு. பொருளின் மேல் பெயர் பொறிக்கும் உரிமை யாருக்கு இருந்ததோ, அவர்களுக்காகவே பிற்காலம் ஏங்குகிறது. ஹீத் வெள்ளையர், படித்தவர், வழக்காடத் தெரிந்தவர். அதனால் அவருடைய தோல்விக்கேனும் ஒரு பெயர் இருக்கிறது. சேலத்துக் கொல்லருக்குத் தோல்விகூட எழுதிவைக்கப்படவில்லை.

நம் துறைகளுக்கு இது வெறும் உணர்ச்சி விவகாரமன்று. காரியவட்டத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் கையெழுத்துச் சுவடி நூலகமும் நாட்டின் பெருஞ்சுவடித் தொகுப்புகளுள் ஒன்று. அதன் முன்னோடிப் பணியில் கணபதி சாஸ்திரியின் பெயர் நிலைத்துவிட்டது. பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் அவர் கண்டெடுத்த நாடகச் சுவடிகள் பாசனுடையவை என்று 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் வெளிவந்தன. உண்மையில் அவை பாசன் எழுதியவையா, அல்லவா என்று உலகெங்கும் பல பத்தாண்டுகள் அறிஞர்கள் வாதிட்டார்கள். ஒரு பெயருக்காக அத்தனை உழைப்பு. அந்த ஓலைகளைச் சீவியவர், கீறியவர், கீறிய கருவியைச் செய்தவர் ஆகியோரைப் பற்றி அதன் நூற்றில் ஒரு பங்கு வினாவும் எழவில்லை. நூலாசிரியனைத் தேடுவது இலக்கிய வரலாற்றின் கடமை, அதைக் குறைகூறவில்லை. எழுத்தாணி செய்தவனைத் தேடுவது யாருடைய கடமை என்று மட்டும் கேட்கிறேன்.

எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு. ஒருபுறம் ஓலை கீறும் ஆணி, மறுபுறம் ஓலை நறுக்கும் கத்தி. இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கும். ஷெஃபீல்டுப் பேனாக்கத்தி செய்த அதே வேலையை நம் கணக்கர்களுக்கும் புலவர்களுக்கும் செய்த கருவி. எழுதுவதும் எழுதுகருவியைச் சீர்செய்வதும் ஒரே பொருளில் அடங்கிய வகையில், ஒரு படி மேலானது என்றே சொல்வேன். அண்மையில் ஒரு கண்காட்சியில் இத்தகைய மடக்கெழுத்தாணி ஒன்றும், பிரித்தானியக் காலத்துப் பேனாக்கத்தி ஒன்றும் அடுத்தடுத்த பேழைகளில் வைக்கப்பட்டிருந்தன. பேனாக்கத்தியின் அட்டையில் நிறுவனம், நகரம், காலம் அனைத்தும் இருந்தன. எழுத்தாணியின் அட்டையில் இரண்டே சொற்கள்: "இரும்பு, பழையது." அட்டை எழுதியவரைப் பழிக்க எனக்குத் தகுதியில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

பெயரில்லாத பொருள்களையும் ஊர்ப்பெயர் காப்பாற்றும் என்று ஒருவர் வாதிடலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உத்தரப்பிரதேசத்து ராம்பூரில் மடக்குக் கத்திக்கு 2023இல் ஒரு சதுக்கமே திறந்தார்கள். இருபது அடி நீளக் கத்தி ஒன்றைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். இந்தித் திரைப்படங்களில் அடியாளின் கையில் சடாரெனத் திறந்த கத்தி அது. 1990களின் கட்டுப்பாடுகளுக்குப் பின் தொழில் சுருங்கி, பட்டறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்த பிறகுதான் சிலை எழுந்தது. சிலை எழுந்தால் தொழில் படுத்துவிட்டது என்று பொருள்கொள்ளலாம் போலும்.

எச்.எம்.டி. கடிகாரத்துக்கும் கெல்ட்ரான் தகட்டுக்கும் வருகிறேன். கொண்டுவந்த நண்பர்கள் வருந்தலாகாது. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016இல் கடிகார நிறுவனத்தை மூட அரசு முடிவெடுத்தது. மூடும் செய்தி வந்ததும் விலை ஏறியது. உயிரோடிருந்த காலத்தில் அதைக் கழற்றிவைத்துவிட்டு மின்கலக் கடிகாரத்துக்கு மாறியவர்களே வரிசையில் நின்றார்கள். கெல்ட்ரான் 1973இல் தோன்றியது. மாநில அரசொன்று மின்னணுத் துறைக்கென நிறுவிய முதல் நிறுவனம். வெள்ளையம்பலத்தில் அதன் தலைமையகம் இன்றும் இயங்குகிறது, வேறு பல பொருள்களைச் செய்கிறது. ஆயினும் நம் பேச்சில் அது இறந்துவிட்டது, ஏனெனில் நம் கூடத்தில் அதன் பெட்டி இல்லை. ஏக்கம் நிறுவனத்தின் வரவு செலவைப் பார்ப்பதில்லை. தன் கூடத்தை மட்டுமே பார்க்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் வணிகப் பெயர் வெறும் மாயை என்று நான் முடிக்கவில்லை. முகம் தெரியாதவரிடம் வாங்கும்போது பெயர் ஓர் உறுதிமொழி. கொல்லரைத் தெரிந்த ஊரில் பெயர் தேவையில்லை. தெரியாத நகரத்தில் தேவை. சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு புகழ்பெற்ற பெயருடைய மடக்குக் கத்தி வாங்கினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. மூன்றாம் மாதம் ஆணி தளர்ந்து அலகு ஆடத் தொடங்கியது. ஏமாந்தேன் என்ற சினம் வந்தது. கொல்லரிடம் சினந்தால் சரிசெய்து தருவார். பெயரிடம் சினந்தால் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறது.

அந்த ஆடும் கத்தியையும், கூடவே பாட்டாவின் கத்தியையும், எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை மிதிவண்டியில் சாணைக்கல் பூட்டிக்கொண்டு வரும் பெரியவரிடம் காட்டினேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாங்கள் பேசிக்கொள்வது ஊர்த்தமிழில். புதியதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தந்துவிட்டார். பழையதை வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல இரும்பு சார். ஆனா இத இத்தன வருசமா தீட்டுனவன் கை அதவிட நல்ல கை. நெளிவே இல்ல பாருங்க."

"எப்படிச் சொல்லுதீங்க அண்ணாச்சி?"

"பாதி அலகு தேஞ்சிருக்கு. தேஞ்ச பொறவும் வடிவு மாறல. அவசரக்காரன் தீட்டுனா நடுவுல குழிஞ்சிரும்."

பாட்டாவின் கத்தியை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அது தேய்ந்திருக்கிறது என்பது அதுவரை கண்ணில் படவில்லை. பின்னர் பழைய விற்பனைப் பட்டியல் ஒன்றின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. அதாவது, ஷெஃபீல்டில் இட்ட கூர்முனை பல பத்தாண்டுகளுக்கு முன்பே தூளாகிக் காற்றில் கலந்துவிட்டது. இன்று என் கையிலுள்ள கூர்முனை எங்கள் ஊர்க் கொல்லர் இட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி திறப்பதற்கு முன், பாட்டா அவருடைய பட்டறைக்குக் கத்தியைக் கொண்டுபோவார் என்று அம்மா சொல்வதுண்டு. நாற்பது ஆண்டுகள். நான் கலந்துரையாடலில் இருபது நிமிடம் புகழ்ந்த கூர்மையில் ராட்ஜர்ஸின் பங்கு இரும்பு மட்டுமே.

அதே கொல்லர்தான் ஆச்சியின் பிச்சாத்தியையும் செய்தவர். வண்டிப் பட்டையிரும்பைக் காய்ச்சி அடித்தது, பலாமரக் கைப்பிடி. மீன் அரிந்தது, காய் நறுக்கியது, தேங்காயைக் கீறியது, எங்கள் மூவரின் தொப்புள்கொடியை அறுத்தது என்பார் ஆச்சி. கடைசியதை நான் உறுதிசெய்ய இயலாது. ஒரு நாளில் அது செய்த வேலையைப் பேனாக்கத்தி ஓராண்டில் செய்திருக்காது. ஆச்சி மறைந்த பின் வீட்டை ஒழுங்குசெய்தபோது, பேனாக்கத்தியை மெல்லிய துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தவன் நான். பிச்சாத்தியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவனும் நானே. மரத்துக்கு எடை தரமாட்டேன் என்று அவர் கைப்பிடியைத் தட்டிக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பை மட்டும் தராசில் வைத்தார். அப்போது நான் முனைவர்ப் பட்டத்துக்குப் பதிவுசெய்திருந்தேன். தலைப்பு, பொருள்சார் பண்பாடு.

இதுதான் அந்த மாணவியின் வினாவுக்கு விடை. வீட்டில் வேறு கத்தி இருந்தது. அதற்குப் பெயர் இல்லாததால் அதை வரலாறாக நான் காணவில்லை.

கலந்துரையாடலுக்கு இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. கொல்லரின் பேத்தி அடுத்த தெருவில் இருக்கிறார். தையல் வேலை செய்கிறார். தாத்தாவின் பெயரைச் சொன்னார், அவர் தந்தையின் பெயரையும் சொன்னார், எந்தெந்த வீடுகளுக்கு என்னென்ன செய்துகொடுத்தார் என்று ஒரு மணி நேரம் சொன்னார். ஒலிப்பதிவு செய்துகொண்டேன். குடும்பத்தார் அனைவரும் ஒப்புக்கொள்ளும்வரை பெயரை இங்கே எழுதமாட்டேன். பேனாக்கத்திப் பெட்டியில் நான் வைத்திருக்கும் அட்டையில் மட்டும் ஷெஃபீல்டுக்குக் கீழே அதை எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்களில் பட்டறை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளோ பேரர்களோ இருந்தால், தயவுசெய்து போய்க் கேளுங்கள். ஆய்வேட்டின் நடுவிலிருப்பவர்கள்கூட ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். கேட்கவேண்டிய முதல் வினாவை நான் தற்செயலாகவே கேட்டேன்: உங்கள் தாத்தா தாம் செய்த பொருளில் அடையாளம் ஏதேனும் வைப்பாரா?

"வைப்பாரே. வாலுல மூணு புள்ளி குத்துவாரு. கைப்பிடிக்குள்ள போயிரும், வெளிய தெரியாது. புதுக் கைப்பிடி போடக் கொண்டுவந்தா நம்ம வேலதானான்னு தெரியணும்லா."

பழைய இரும்புக்காரரின் தராசில், கைப்பிடி கழன்று, வால் வெளியே தெரியக் கிடந்த அந்த இரும்பை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.